அரசுப் பள்ளிக்கும் கட்டடச் சான்று கேட்கட்டும் சட்டம்

தனியார் பள்ளி ஒன்றின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் தாளாளர் நான்கு அலுவலகங்களின் படியேற வேண்டும். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது. இந்தக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. 2012இல் தாம்பரம் அருகே பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன.

அரசுப் பள்ளிக்கு?

அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. அரசும் உள்ளாட்சிகளும் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டின் 2018ஆம் ஆண்டுச் சட்டமோ பெயரிலேயே ‘தனியார் பள்ளிகள்’ என்று வேலி போட்டுக்கொண்டது. கும்பகோணத் தீயை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம் இப்படிப் பாகுபடுத்தவில்லை. பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடக்கம் என்றது.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் கூரைக் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுகிறார். கட்டடம் ஒன்றியத்தின் சொத்து என்பதால் கடிதம் பி.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது. பொறியாளர் வந்து அண்ணாந்து பார்க்கிறார், மதிப்பீடு போடுகிறார், நிதி வரட்டும் என்கிறார். அதுவரை அந்த மூலையில் மட்டும் பாய் விரிக்காமல் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைப்பதுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

கூரை விழுந்தால் பழி யார் தலையில்? 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானின் ஜாலாவாட் மாவட்டத்தில் பிப்லோடி கிராமத்து அரசுப் பள்ளி இடிந்து 7 குழந்தைகள் இறந்தார்கள். உடனடியாகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர்கள் ஆசிரியர்கள். கூரையை மாற்றும் பணம் அவர்கள் கையில் இருந்ததா என்ன?

தமிழ்நாடு அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் நெல்லையில் அரசு உதவிபெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்ததும், மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு பறந்தது. மறு ஆண்டே பள்ளிகளை மேம்படுத்த 7,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் திட்டத்துக்கு ஆயுள் உண்டு. அரசாணையை இன்னொரு அரசாணை மாற்றிவிடும். சட்டமன்றம் இயற்றும் சட்டத்தை அத்தனை எளிதில் மறக்க முடியாது.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொரு ஜூன் மாதத்துக்கு முன்பும், கட்டியவர்களைச் சேராத பொறியாளர் ஒருவர் சோதித்துக் கையெழுத்திட்ட சான்று பள்ளி வாசலில் தொங்க வேண்டும். நகல் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போக வேண்டும். ஆபத்தான அறையை யாரிடமும் கேட்காமல் அன்றைக்கே பூட்டும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு வேண்டும். கெடுவுக்குள் பழுது நீங்காவிட்டால், நிதியை விடுவிக்க வேண்டிய அதிகாரியே பதில் சொல்ல வேண்டும்.

நிதித் துறை முகம் சுளிக்கும். இவ்வளவு கறாராக இருந்தால் பாதிப் பள்ளிகளைப் பூட்ட வேண்டியதுதான் என்பார்கள். தனியார் தாளாளர்களும் இதே வாதத்தை வைத்தார்கள். அரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இடித்த இடத்தில் கட்டடம் எழும்பாமல் பிள்ளைகள் மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் படிப்பது உண்மைதான். எனவே இடிக்கும் உத்தரவும் புதிய கட்டடத்துக்கான பணி ஆணையும் ஒரே நாளில் வர வேண்டும் என்றொரு பிரிவையும் சட்டத்தில் சேர்த்துவிடலாம்.