மலைக்குளிரும் மோட்டார் ஹீட்டரும்

தமிழ்நாட்டின் சமவெளியில் மோட்டார் கார் வைத்திருக்கிறவர்களுக்கு அதன் ஹீட்டர் என்னும் பாகம் பெரும்பாலும் கல்யாணச் சீரில் வந்து பெட்டியடியில் கிடக்கும் வெள்ளிக் கும்பாவைப் போன்றது. இருக்கிறது என்பது தெரியும், எடுத்துப் புழங்கியதில்லை, புழங்காததனால் அது நெளிந்திருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதும் தெரியாது. சித்திரை வெயிலில் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் ஏ.சி. போதவில்லையே என்று அங்கலாய்க்கிறவர்களிடம் போய், டேஷ்போர்டில் சிவப்புக் கோடு போட்டிருக்கும் அந்தத் திருகைக் கடைசியாக எப்பொழுது திருப்பினீர்கள் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதே மனிதர்கள், மார்கழியிலோ தையிலோ குடும்ப சகிதமாக ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டு, போளூர்ப் பக்கத்திலிருந்தோ ஆலங்காயத்துப் பக்கத்திலிருந்தோ மலையேறி, ஜமுனாமரத்தூரில் ஏரியைப் பார்த்து, காவலூரில் நட்சத்திரங்களைப் பார்க்கும் ஆசையில் பொழுதைப் போக்கிவிட்டு, இருட்டிய பிறகு பனிக்குள் அகப்பட்டுக்கொள்ளும்பொழுதுதான் முதல் தடவையாக அதைத் திருப்புகிறார்கள். ஓட்டுகிறவருக்கு முழங்கால் வேகிறது; அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குப் பச்சைக் காற்று முகத்தில் அடிக்கிறது; பின் ஆசனத்துக் குழந்தைகளுக்கோ சூடும் இல்லை, குளிரும் இல்லை, ஒன்றுமே வருவதில்லை.

இதை ஓர் அசௌகரியம் என்று மாத்திரம் எண்ணி, மலையிறங்கியதும் மறந்துவிடுவது நம்முடைய வழக்கம். என் அபிப்பிராயத்தில், ஒரே காரின் ஒரு துவாரத்தில் சூடும் மறு துவாரத்தில் குளிருமாக வருவது, அந்த யந்திரம் தன் உள்விவகாரத்தைப் பற்றித் தானே முன்வந்து கொடுக்கும் சாட்சியம். அந்தச் சாட்சியத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிற பழக்கம் நம்முடைய பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது என்பதும், அதற்கு வண்டிக்காரர்களாகிய நாமும் உடந்தை என்பதுமே இங்கே நான் சொல்ல வந்த விஷயம்.

ஹீட்டர் தனியாக நெருப்பு மூட்டிக்கொள்கிற சாதனம் அல்ல. எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் உஷ்ணத்தை வாங்கிக்கொண்ட கூலண்ட் திரவத்தில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ்களின் வழியாக டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்கு (நம் மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் காயில் என்பார்கள்) வந்து திரும்புகிறது; விசிறி அதன்மேல் காற்றை ஊத, காற்று சூடாகி நம்மிடம் வருகிறது; எவ்வளவு காற்று காயிலின் வழியே போகவேண்டும், எவ்வளவு அதை ஒதுங்கிப் போகவேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் மடல் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் நாஷ் கம்பெனியார் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, எஞ்சினின் வெந்நீரால் சூடாக்கித் தரும் முறையை 1938இல் தங்கள் கார்களில் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு எஞ்சின் வைத்த கார்களில் இருப்பது அடிப்படையில் அதே ஏற்பாடுதான். எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்களின் கதை வேறு. அவை பாட்டரியைச் செலவழித்தே சூட்டைப் பெற வேண்டியிருக்கிறது என்பதோடு அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆகவே கோளாறு இரண்டு துறைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும்: வெந்நீர் ஓடுகிற துறையிலோ, காற்று ஓடுகிற துறையிலோ. எதில் என்பதைக் கண்டுபிடிப்பதற்கு ஐந்து நிமிஷமும் ஒரு கையும் போதும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பானெட்டைத் திறந்து, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் கையை எச்சரிக்கையாக நீட்டி, எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்குள் நுழைகிற அந்த இரண்டு ஹோஸ்களையும் ஒரு துணியை வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓட்டம் சரி, மடலிலோ அதைத் திருப்பும் கேபிளிலோ சின்ன மோட்டாரிலோதான் குற்றம். ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாக மாத்திரம் இருந்தால் காயில் அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சூடில்லாவிட்டால் கூலண்ட் குறைந்திருக்க வேண்டும், அல்லது குழாயில் காற்று அடைத்து ஓட்டம் நின்றிருக்க வேண்டும், அல்லது கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு திறந்தபடியே நின்றுபோயிருக்க வேண்டும். இவ்வளவு சுலபமான பரீட்சையைச் செய்யாமல், பகல் முழுவதும் செலவழித்து டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டு, கழற்றியதற்குக் கூலி வேண்டுமே என்பதற்காகவே ஒரு புதுக் காயிலை மாட்டி அனுப்புகிற பட்டறைகள் உண்டு.

கை வைப்பதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது: பேதம் இடத்தில் இருக்கிறதா, காலத்தில் இருக்கிறதா? வலப்பக்கம் எப்பொழுதும் சூடு, இடப்பக்கம் எப்பொழுதும் குளிர் என்றால் அது இடபேதம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் திருகு உள்ள கார்களில் இரண்டு மடல்கள் இருப்பதால், ஒரு மடலைத் திருப்புகிற மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து போனாலே இப்படி ஆகும். டேஷ்போர்டுக்குள் 'டக், டக்' என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டால் அநேகமாக அதுதான். ஒரே திருகு உள்ள காரில் இப்படி ஆனால், காயிலின் ஒரு பாதியில்தான் வெந்நீர் ஓடுகிறது, மறு பாதி அடைப்பினாலோ கூலண்ட் குறைவினாலோ வெறுமையாகக் கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பின் ஆசனத்துக்குச் சூடு வராததற்கு மட்டும் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். முன் ஆசனத்தின் அடியிலுள்ள காற்று வழியைக் கால்மிதியோ, செருப்புப் பையோ, மலையில் வாங்கிய சாமை மூட்டையோ அடைத்துக்கொண்டிருக்கும்.

காலபேதம் மலைப்பாதையில்தான் நன்றாகத் தெரியும். ஏறும்பொழுது சூடாக வந்து, கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்பொழுது ஜில்லென்று ஆகிவிடுகிறது என்றால், எஞ்சின் சுமையில்லாமல் ஓடுகிற வேளையில் அதன் உஷ்ணத்தைக் காப்பாற்ற வேண்டிய தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். சாதாரணமாக 82லிருந்து 88 பாகைக்குள் திறக்கும்படி அமைக்கப்பட்ட இந்தச் சின்ன வால்வை, 'நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம் சார், இது இருந்தால்தான் வண்டி சூடாகும்' என்று சொல்லிக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக இருக்கிறது. வால்வு இல்லாத எஞ்சின் உரிய உஷ்ணத்துக்கு வருவதற்கே வெகுநேரம் பிடிக்கும், எண்ணெய் குழம்பாகவே இருக்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம். இத்தனையும் சமவெளியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து, மலையில் கால் விறைக்கும்பொழுது தெரியவருகிறது. அப்படியில்லாமல், நின்றால் குளிர்ந்தும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சூடாகியும் வருமானால், கூலண்ட் குறைந்திருக்கிறது, அல்லது குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது, அல்லது வாட்டர் பம்பு நலிந்துவிட்டது. காற்று புகுந்த வண்டியில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்பதுண்டு.

காற்றை வெளியேற்றுவதற்கு மலையே ஒரு சௌகரியத்தைத் தருகிறது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, ஹாண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டால், உயரத்தில் இருக்கும் மூடியின் வழியாகக் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். குறையக் குறையக் கூலண்டை ஊற்றிக்கொண்டு வரவேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மூலகாரணமாக இருக்கிற ஓர் அசிரத்தையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். கூலண்டுக்குப் பதிலாக வெறும் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதுதான் அது. நம்முடைய வட மாவட்டங்களின் பாறைப்பூமியில் கிணறு வெட்டிக் குடித்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் உப்பு தெரியும்; வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ஹீட்டர் காயிலின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது; பெரிய ரேடியேட்டர் பல வருஷம் தாங்கிக்கொள்ளும், வருஷத்தில் பதினொரு மாதம் யாரும் சூடு கேட்காத சின்னக் காயில் யாருக்கும் தெரியாமல் முதலில் அடைத்துக்கொள்ளும். எத்திலீன் கிளைக்காலும் சுத்த நீரும் சரிபாதி சேர்ந்த கூலண்ட், குளிர் நாட்டார் உறைபனிக்காக ஊற்றுகிற சரக்கு, நமக்கெதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்குமானால் இந்தக் கலவை ஏறக்குறைய 107 பாகையில்தான் கொதிக்கும் என்பதையும், துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகள் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதையும் கவனித்தால், அது வெயில் நாட்டுக்கும் அவ்வளவே அவசியம் என்பது விளங்கும். (அந்தத் திரவம் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம், குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.)

அடைத்துக்கொண்ட காயில் ஒழுக ஆரம்பித்தால் நம் பட்டறைகள் செய்கிற வைத்தியம் பிரசித்தமானது. 'வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போறீங்க, அதுக்காக எதுக்கு சார் செலவு? பைபாஸ் பண்ணிடலாம்' என்று சொல்லி, இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிவிட்டு, ஹீட்டரைச் சந்நியாசம் வாங்கச் செய்துவிடுகிறார்கள். வண்டிக்காரரும் பணம் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறார். அவர் இழந்தது சுகத்தை மாத்திரம் அல்ல. மலையேறுகையில் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகி முள் சிவப்பை நெருங்குகிற நேரத்தில், ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுவேகத்தில் வைத்தால், அந்தச் சின்ன ரேடியேட்டர் எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, ஓர் ஓரமான இடம் பார்த்து நிறுத்துகிற வரைக்கும் நம்மைக் காப்பாற்றும். உள்ளே இருப்பவர்கள் வியர்த்துக் கொட்டுவார்கள் என்பது உண்மைதான், எஞ்சின் பிழைக்கும். பைபாஸ் செய்த வண்டிக்கு அந்த உபாயம் இல்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் முன்கண்ணாடியைப் பற்றியது. மலைவாழ் ஜனங்கள் புளியும் தேனும் சாமையும் கொண்டு விடியற்காலையில் கீழே இறங்குகிற ஜீப்புகளிலும் வேன்களிலும், ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்து மூச்சு விடுவதால் உள்ளே ஈரம் ஏறி, கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் படர்ந்துவிட, டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பனியன் துணியை வைத்துத் துடைத்தபடியே வளைவில் திரும்புவார். ஏ.சி.யும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் முன்னது காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க, பின்னது அந்தக் காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்ப, சில நிமிஷத்தில் வழி தெளிந்துவிடும். காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்றவிடாமல் வெளிக்காற்று வரும்படி வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஹீட்டர் இடப்பக்கம் குளிர்ந்து போனால் கண்ணாடியின் இடப்பக்கமும் தெளியாது. கண்ணாடியில் பிசுக்குப் பிடித்தாற்போல் ஒரு படலமும் இனிப்பான ஒரு வாடையும் வந்தால் காயில் ஒழுகத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். ஆனால் ஹீட்டர் எவ்வளவு சரியாக இருந்தாலும், மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு அதன் சூட்டில் காருக்குள்ளேயே தூங்குவது உயிருக்கு ஆபத்து. புகையோடு வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இதே ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிற காவலூரில், 1986இல் வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் போன்ற பெருங்கருவிகளுக்கு, கூண்டின் உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள உஷ்ணபேதம் பெரிய சத்துரு. பேதம் இருந்தால் காற்று நெளிந்து நட்சத்திரத்தின் பிம்பம் கலங்கிவிடும். ஆகவே பிம்பம் கலங்கினால் வானியலார் கருவியைப் பிரிப்பதற்கு முன் உஷ்ணத்தை அளக்கிறார்கள். அளந்துவிட்டுப் பிறகு கை வைப்பது என்னும் அந்தச் சாமானிய ஒழுக்கத்தைக் கேட்பதற்கு மோட்டார் பட்டறை அவ்வளவு தாழ்ந்த இடம் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்து வருகிற ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து ஐரோப்பாவின் குளிருக்கு வண்டிகள் கப்பலேறியிருக்கின்றன. அங்கே ஹீட்டர் வேலை செய்யாத கார் விற்காது. அந்த வண்டியைச் செய்யத் தெரிந்த நாட்டில் அதைச் சோதிக்கத் தெரியாமல் இருப்பது நியாயமாகாது. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படிப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஸ்பானரைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெப்பமானியைக் கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மலைக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், வீட்டு வாசலிலேயே கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் கையை வைத்துப் பாருங்கள். பேதம் தெரிந்து பட்டறைக்குக் கொண்டுபோனால், எந்தத் துவாரத்தில் எத்தனை பாகை, எந்த ஹோஸ் எவ்வளவு சூடு என்பதை அளந்து பில்லிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தராத பட்டறைக்கு டேஷ்போர்டைக் கழற்ற அனுமதி கொடுக்காதீர்கள்.