காலத்துக்கு நாமகரணம்

ராமேசுவர யாத்திரை செல்லும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரயில் ராமநாதபுரத்தை விட்டுப் புறப்பட்டதும் குழந்தைகள், "பாம்பன் பாலம் எப்போது வரும்?" என்று ஜன்னலுக்குச் சண்டை போட ஆரம்பிப்பார்கள். பெரியவர்கள் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்ப்பார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நிமிஷம் இடது கைப் பக்கம், வடக்கே, பனைமரக் கூட்டங்களுக்கு அப்பால் மனத்தைச் செலுத்த வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் திசையில்தான், வைகை நதி கடலைச் சேரும் ஆற்றங்கரைக்கு அருகில், அழகன்குளம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே கோட்டைமேடு என்று ஊரார் அழைக்கும் ஒரு மேட்டைத் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் துறையினர் 1986-87 முதல் பல பருவங்களில் தோண்டிப் பார்த்தார்கள்.

மண்ணுக்குள் என்ன இருந்தது? கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள், தமிழ் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகள், ரோமாபுரியிலிருந்து திராட்சை மது வந்த சாடிகளின் துண்டுகள், பாய்மரக் கப்பல் ஒன்றின் உருவம் கீறப்பட்ட ஓர் ஓடு, மணிகள், நாணயங்கள். இவற்றைப் பார்க்கிறவர் எவரானாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் எந்தக் காலம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்கு மண் பதில் சொல்வதில்லை. மனிதர்கள்தாம் சொல்லுகிறார்கள். அவர்கள் எப்படிச் சொல்லுகிறார்கள் என்பதை நம்மவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இப்போது ஏற்பட்டிருக்கிறது.

குழி தோண்டுகிறவர்கள் மண்ணின் நிறமும் தன்மையும் மாறும் இடங்களைக் குறித்து அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். அடுக்குகளுக்கு எண் மேலிருந்து கீழே போகும். புல் முளைத்திருக்கும் மேல் மண் முதலாவது அடுக்கு. காலத்துக்கு எண் கொடுக்கும்போதோ எல்லாம் தலைகீழ். எல்லாவற்றுக்கும் அடியில், மனிதன் கால் படாத கன்னி மண்ணின்மேல் கிடப்பது முதலாவது காலம். இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில்தான் ஆராய்ச்சியாளரின் மூளை வேலை செய்கிறது. பத்து அடுக்குகளை மூன்று காலங்களாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த அடுக்கோடு ஒரு காலம் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிப்பவர் அவரே. பெரும்பாலும் பானை ஓட்டை வைத்துத்தான் கிழிக்கிறார். பொன்னும் வைரமும் அல்ல, உடைந்த சட்டிதான் சரித்திரத்தின் முதல் சாட்சி! பொன்னைப் பேரனுக்குக் கொடுப்பார்கள். உடைந்த சட்டியை யார் கொடுப்பார்கள்? உடைந்த இடத்திலேயே கிடக்கும்.

கோடு கிழிப்பது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதை நம் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். பாட்டி காலத்தில் கல்சட்டியும் பித்தளைத் தவலையும். அம்மா காலத்தில் எவர்சில்வர். இப்போது பிளாஸ்டிக் டப்பா. ஆனால் எவர்சில்வர் வந்த அன்றே யாராவது பித்தளை அண்டாவைத் தூக்கி எறிந்தார்களா? பரணில் இருக்கிறது. கல்யாணம் வந்தால் கீழே இறங்குகிறது. ஆயிரம் வருஷம் கழித்து அந்த வீட்டைத் தோண்டுகிறவர் பித்தளைக் காலம் எங்கே முடிந்தது என்று எப்படிச் சொல்வார்? கறுப்பு சிவப்புப் பானையும் இந்த அண்டாவைப் போன்றதே. இரும்புக் காலத்து ஈமக் குழிகளிலும் இருக்கிறது. எழுத்தறிந்த ஜனங்கள் வாழ்ந்த பட்டினங்களிலும் இருக்கிறது. அதை மட்டும் நம்பிக் கோடு கிழிக்க முடியாது.

கல், வெண்கலம், இரும்பு என்று மனித சரித்திரத்தை மூன்றாக வகுத்தவர் டென்மார்க் தேசத்துத் தாம்ஸன் என்பவர். கோபன்ஹேகன் பொருட்காட்சிச் சாலையில் குவிந்து கிடந்த சாமான்களை ஒழுங்குபடுத்த அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அவ்வழியை விளக்கும் புஸ்தகம் 1836-ல் வெளிவந்தது. அலமாரி அடுக்கச் செய்த ஏற்பாடு உலகத்துக்கெல்லாம் காலக்கணக்காகிவிட்டது! தமிழ்நாட்டில் அது சரியாகப் பொருந்தவில்லை. இங்கே கல்லுக்கு அடுத்தாற்போல் இரும்பு வந்துவிட்டது. நடுவில் தனியாக ஒரு வெண்கலக் காலம் இல்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் அலெக்ஸாண்டர் ரீ கண்டெடுத்த அழகான வெண்கலப் பாத்திரங்கள் இரும்பு ஆயுதங்களோடு கூடவே கிடந்தன.

பெயர் வைப்பதில் உள்ள வம்பை நன்றாக அறிய, ஏஜியன் கடலுக்கு ஒரு தரம் போய் வரலாம். கிரேக்க நாட்டுக்கும் துருக்கிக்கும் இடையே உள்ள கடல் அது. அதன் தெற்கு வாயிலில் உள்ள கிரீட் தீவில், நாஸஸ் என்ற இடத்தில், ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1900-ல் தோண்ட ஆரம்பித்து ஒரு பெரிய அரண்மனையை வெளிப்படுத்தினார். அங்கே வாழ்ந்தவர்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. புராணக் கதையில் வரும் மினோஸ் ராஜாவின் பெயரை எடுத்து, 'மினோவன்' என்று ஒரு நாகரிகத்துக்கே சூட்டிவிட்டார். பிறகு அதை முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று மூன்றாக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி மூன்றாக்கினார். பிறந்து, வளர்ந்து, நலிந்தது என்ற கதை அந்த எண்களுக்குள்ளேயே புகுந்துகொண்டது.

பெயரோடு ஆட்சியும் வந்தது. கிரேக்கப் பெருநிலத்தில் கிடைத்தவையெல்லாம் கிரீட்டின் வாரிசுச் சொத்தே என்று எவன்ஸ் சாதித்தார். வேஸ், பிளெகன் என்ற இரண்டு அறிஞர்கள் இதற்கு உடன்படவில்லை. பெருநிலத்து மட்பாண்டங்களுக்குத் தனி வரிசை உண்டு என்று 1918-ல் எழுதி, அதற்கு 'ஹெல்லாடிக்' என்று தனிப் பெயரும் கொடுத்தார்கள். வழக்கு 1952-ல் எதிர்பாராத விதமாகத் திரும்பியது. மைக்கேல் வெண்ட்ரிஸ் என்ற இளைஞர் நாஸஸ் களிமண் பலகைகளின் எழுத்தைப் படித்தார். அதன் பாஷை கிரேக்கம்! ஆகவே, 'பிற்கால மினோவன்' என்ற சீட்டு ஒட்டியிருந்த அரண்மனையில் கடைசியாகக் கணக்கு எழுதியவர்கள் பெருநிலத்துப் பாஷைக்காரர்கள். பெயர்ச்சீட்டு அத்தனை காலமும் அதை மறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் சிலர், சட்டிகளை விட்டுவிட்டு அரண்மனை கட்டியதற்கு முன், பின் என்று வகுக்கிறார்கள். இரண்டு கணக்கும் இன்று வழங்குகின்றன.

நம் கடற்கரைக்குத் திரும்புவோம். இங்கும் ஒரு மினோஸ் ராஜா உண்டு. சங்க காலம் என்று நாம் பெருமையுடன் சொல்கிறோமே, அது தோண்டி எடுத்த பெயர் அல்ல. இலக்கியத்திலிருந்து எடுத்த பெயர். வேறு சிலர் ரோமாபுரியின் பெயரைச் சூட்டினார்கள். புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டை 1945-ல் தோண்டிய மார்ட்டிமர் வீலர், அதை இந்திய-ரோமானிய வர்த்தக ஸ்தலம் என்றார். இத்தாலியில் செய்த சிவப்புப் பாண்டத் துண்டுகள் அங்கே கிடைத்தன. அவற்றின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று இத்தாலியில் ஏற்கனவே தெரிந்திருந்தது. அந்த முளையில் கயிற்றைக் கட்டித் தென்னாட்டின் மற்ற ஓடுகளுக்கெல்லாம் வீலர் காலம் நிர்ணயித்தார். அதற்குமுன் நமக்கு முளையே இல்லாதபடியால், அது பெரிய உபகாரந்தான். சந்தேகமில்லை.

ஆனால் கயிறு கொஞ்சம் அதிகமாக இழுபட்டது. உட்புறத்தில் சிறு புள்ளிகளை வளைய வளையமாகப் பதித்த மெல்லிய தட்டு ஒன்று உண்டு. ரௌலட் ஓடு என்பார்கள். அழகன்குளத்திலும் கிடைத்திருக்கிறது. இதுவும் கடல் கடந்து வந்தது என்று வீலர் எண்ணியதால், இது கிடைத்த ஊர்களெல்லாம் ரோமாபுரி வியாபாரத்துக்குப் பிந்தியவை ஆகிவிட்டன. பிற்பாடு களிமண்ணைப் பரிசோதித்ததில், அது இந்திய மண்ணிலேயே வனைந்தது என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் அரிக்கமேட்டை மறுபடி தோண்டி, ரோமாபுரிக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார்கள். கப்பல் வந்து நம்மை எழுப்பவில்லை. விழித்துக் கடை திறந்திருந்த ஊருக்குத்தான் கப்பல் வந்தது.

இதே வைகைக் கரையில், 1985 வரை ராமநாதபுரம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த பகுதியில், கீழடி இருக்கிறது. அங்கே முதல் இரண்டு பருவங்கள் அகழ்ந்த மத்திய தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா, 982 பக்கங்கள் கொண்ட அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். கி.மு. 8 முதல் 5-ஆம் நூற்றாண்டு வரை முதற்காலம், பிறகு கி.மு. முதல் நூற்றாண்டு வரை இரண்டாவது, கி.பி. 3 வரை மூன்றாவது என்பது அவர் வகுப்பு. அவருடைய துறையே 2025 மே மாதம் அதைத் திருத்தும்படி கேட்டது. மூன்று காலங்களின் பெயர்களும் மாற வேண்டும். முதற்காலத்துக்கு அவ்வளவு தொன்மை கொடுக்க ஆதாரம் போதாது, கி.மு. 300-க்குச் சற்று முன் என்று சொன்னால் போதும் என்பது அவர்கள் கட்சி. மண்ணடுக்கையும் கரிச் சோதனையையும் வைத்தே வகுத்தேன், மாற்ற இயலாது என்று அவர் பதில் எழுதினார். ஊரெங்கும் அதே பேச்சாயிற்று.

இந்த வழக்கில் நமக்குச் சொந்த அபிமானம் இருப்பதை ஒளிப்பானேன்? இருக்கிறது. ஆயினும் அபிமானத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, கரிச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்று காட்டியதை மாநிலத் துறை 2019-ல் வெளியிட்டது. கரி பொய் சொல்வதில்லை. ஆனால் சில நூற்றாண்டுகளைப் பற்றி அது வாய் குழறுகிறது. கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்துக் கரிகள் அநேகமாக ஒரே மாதிரி அளவு காட்டுவது உலகமெங்கும் உள்ள சங்கடம். ஐரோப்பாவிலும் இதே தொல்லைதான். ஆகையால் ஒற்றைக் கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு இருநூறு வருஷம் முன்னே என்று ஒருவரும் சாதிக்க முடியாது. பின்னே என்று மற்றவரும் சாதிக்க முடியாது. பல கரித்துண்டுகள், அவை கிடந்த அடுக்குகள், கூடக் கிடந்த ஓடுகள் எல்லாம் சேர்ந்து பேச வேண்டும். அவை பேசுவது அந்த 982 பக்கங்களில். அப்பக்கங்களை முதலில் அச்சிட்டு அறிஞர்கள் முன் வைத்துவிட்டுப் பிறகு சண்டை போடுவதுதான் முறை. எவன்ஸும் வேஸும் சண்டை போட்டார்கள். ஆனால் அச்சில் போட்டார்கள்.

2025 ஜனவரியில் மாநிலத் துறை வெளியிட்ட மற்றோர் அறிக்கையில், தாமிரபரணிக் கரைச் சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 வரை போகிறது. அதை ஏற்பதற்கு இன்னும் சான்று வேண்டும் என்கிறவர்கள் உண்டு. அது நிலைத்துவிட்டால் வேடிக்கை ஒன்று நேரும். கிரீட்டில் வெண்கலக் காலம் பிறந்துகொண்டிருந்தபோது நம் தென்கோடியில் இரும்புக் காலம் நடந்துகொண்டிருக்கும். கோபன்ஹேகன் அலமாரியில் அதற்குத் தட்டே கிடையாது.

எல்லாப் பெயர்களிலும் நமக்கு அதிகக் கோபம் மூட்டுவது வேறொன்று. சங்க காலம் கி.பி. 300 சுமாருக்கு முடிந்தது என்று எழுதி, பல்லவர் பாண்டியர் எழுச்சி வரையில் உள்ள இடைவெளிக்கு 'இருண்ட காலம்' என்று நம் பள்ளிப் புஸ்தகங்கள் வெகுகாலம் பெயர் சூட்டி வந்தன. செப்பேடும் கல்வெட்டும் அருகிப்போனால் ஒரு காலம் இருண்டுவிடுமாம். அழகன்குளத்து மண்ணில் இரண்டாம் வாலண்டீனியன் என்ற ரோமச் சக்கரவர்த்தியின் செப்புக் காசு கிடைத்திருக்கிறது. அவன் பட்டத்துக்கு வந்தது கி.பி. 375-ல். கடலுக்கு அக்கரையில் இலங்கையிலும் அந்தக் காலத்துக் காசுகள் ஏராளம். மெல்லிய சின்னக் காசு. தங்கமாயிருந்தால் யாரோ பெட்டியில் பூட்டிவைத்தது என்று சொல்லலாம். செப்புக் காசு கைமாறுவதற்காகவே இருப்பது. வைகை முகத்தில் யாரோ ஒருவர் அதைக் கொடுத்து எதையோ வாங்கியிருக்கிறார். அல்லது எதையோ விற்று அதை வாங்கி மடியில் செருகியிருக்கிறார். அவருக்கு அன்று விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.