விதிக் கோப்பு எங்கே?

அண்மையில் ஒரு விருதுக் குறிப்பில் தோன்றி, பின்னர் வேறோர் இதழின் கட்டுரையில் வியப்போடு எடுத்தாளப்பட்ட வாக்கியம் ஒன்று, தமிழின் புணர்ச்சி விதிகள் அனைத்தும் மென்பொருளால் சரிபார்க்கப்பட்டுவிட்டன என்றும், ஆகவே மரபிலக்கணத்தின் முழுமை அறிவியல் முறையில் நிறுவப்பட்டுவிட்டது என்றும் கூறுகிறது. விருது பெற்றவரின் உழைப்பைக் குறைகூற இடமில்லை. குறை 'சரிபார்க்கப்பட்டன' என்ற வினையில் இருக்கிறது. எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள், பிழையாக வந்த வடிவங்கள் எவை, அவற்றை நிரலர் என்ன செய்தார் என்பவற்றுக்குக் கட்டுரையில் விடை இல்லை. தேர்ச்சி விழுக்காடு ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் நிற்கிறது.

மகர ஈற்றுப் புணர்ச்சி ஒன்றே சோதனைக்குப் போதும். மரமும் கிளையும் சேர்ந்து மரக்கிளை ஆகும்போது ஈற்று மகரம் கெட, வருமொழியின் வல்லினம் மிகுகிறது. இம்மாற்றங்களைக் கணினிக்கு எழுதுபவர் முறைவைத்தே எழுத வேண்டும். உயிரீற்றின் பின் வல்லினம் மிகும் என்ற விதி முந்தி ஓடினால், அவ்வேளை ஈற்றில் மகரமே நிற்பதால் விதி செயற்படாது, அடுத்து மகரம் கெட்டு, எவர் வாயிலும் வராத 'மரகிளை' திரையில் வந்து நிற்கும். இது எளிய பகுதி. நன்னூலார் மகர ஈற்றுக்குக் கெடுதலையும் இனமெல்லெழுத்தாகத் திரிதலையும் உம்மையால் இணைத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்; எது எங்கே என்பதை வேற்றுமை, அல்வழி என்ற பாகுபாட்டைக் கொண்டு தெளிவிப்பது உரைமரபு. ஆனால் வட்டக்கல்லும் அல்வழி, நிலந்தீயும் அல்வழி. முன்னது பண்புத்தொகை என்பதால் மகரம் கெட்டு வல்லினம் மிகுகிறது, பின்னது நிலமும் தீயும் என விரியும் உம்மைத்தொகை என்பதால் மகரம் நகரமாகத் திரிகிறது. ஒலிமாற்றத்தைத் தீர்மானிக்கும் முன் சொற்களுக்கிடையிலான பொருளுறவு தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் விளைவு. எழுத்துகளின் வரிசையை மட்டும் காணும் நிரலுக்கு அது தெரியாது. ஆதலால் நிரலர் சொல்லுக்குச் சொல் கையால் அடையாளமிடுகிறார், அல்லது விதிவிலக்குப் பட்டியல் ஒன்றை ஓரமாக வைத்துக்கொள்கிறார். கோட்பாட்டாளருக்கு வேண்டியது அந்தப் பட்டியலே. விழுக்காட்டை அச்சிட்டவர்கள் பட்டியலை அச்சிடவில்லை.

முழுமை என்ற உரிமையை மரபிலக்கணம் தானே கோரியதுமில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரம் ஒரு புறனடையோடுதான் முடிகிறது. புறனடை என்பது, சொல்லியவற்றுக்கு வெளியே வழங்குவனவற்றையும் தழுவிக்கொள்ள இடம்விடும் சூத்திரம். படிக்கும் மாணவனுக்கு அது ஆசிரியரின் நேர்மையான ஒப்புதல். அதையும் ஒரு விதியாகக் கணினியில் ஏற்றினால் நிரல் எல்லா வடிவத்தையும் சரி என்று சொல்லிவிடும், விழுக்காடும் நூறாகிவிடும்; ஏற்றாவிட்டால் சோதிக்கப்பட்டது முழுத் தொல்காப்பியம் ஆகாது. விருதுக்குழு இவ்விரண்டில் எதைப் பாராட்டியது என்று தெரியவில்லை.

இலக்கணத்தை இயந்திரத்தில் இட்டுப் பார்ப்பது நேற்றைய ஆசையன்று. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் விக்டர் இங்வே, சிறிய ரயில் ஒன்றைப் பற்றிய சிறுவர் நூலின் முதற் பத்து வாக்கியங்களுக்கு இலக்கணம் எழுதி, அதே விதிகள் வேறு எவற்றையெல்லாம் அனுமதிக்கின்றன என்று காண்பதற்காகக் கணினியைக் கண்டபடி வாக்கியம் பிறப்பிக்கச் செய்து, 1961இல் அதை வெளியிட்டார். ஒரு வாக்கிய அமைப்பை இன்னொன்றாக மாற்றும் விதிகளால் ஆன மாற்றிலக்கணம் கோலோச்சிய காலத்தில் ஜோய்ஸ் பிரீட்மன் அவ்வகை இலக்கணங்களை இயக்கிப் பார்ப்பதற்கென்றே ஒரு நிரல் அமைப்பை உருவாக்கி, 1971இல் அதை நூலாக்கினார். இவற்றிலும் கூர்மையானது 2006இல் லவுரி கார்த்துனன் செய்த வேலை. பல வடிவங்கள் போட்டியிட, தரவரிசைப்படுத்திய கட்டுப்பாடுகளை எது குறைவாக மீறுகிறதோ அது வெல்லும் எனக் கொள்ளும் உகப்புநிலைக் கோட்பாட்டின் வழியில், பின்லாந்து மொழியின் அசையழுத்தத்துக்கு இரண்டு பகுப்பாய்வுகள் வெளிவந்து மதிப்புப் பெற்றிருந்தன. கார்த்துனன் அவற்றை முடிவுநிலைப் பொறியாக, அதாவது எண்ணி வரையறுத்த நிலைகளுக்குள் எழுத்து எழுத்தாக நகரும் கணிப்பு அமைப்பாக, எழுதி ஓடவிட்டார். இரண்டுமே சில சொற்களில் பிழையான அழுத்தத்தைத் தந்தன. தாளும் பென்சிலும் போதா என்பதே அவரது கட்டுரைத் தலைப்பின் சாரம். நூற்றுக்கு எத்தனை தேறியது என்பதில் அவருக்கு அக்கறையில்லை. எந்தச் சொல்லில் எந்தக் கட்டுப்பாடு தோற்றது என்பதையே அவர் துருவினார்.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை இவ்விடத்தில் நினையாமல் கடக்க இயலாது. 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, 1947இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி, அ, இ, உ, எ என்ற நான்கு ஒலிகளிலிருந்து சொல்லுலகம் முழுவதும் கிளைத்ததாகக் காட்ட முனைந்தது. தனி மனிதர் ஒருவர் மையும் தாளும் கொண்டு அத்தனை மொழிகளை ஒப்புநோக்கிய பெருமுயற்சி ஈழத்துத் தமிழியலில் வேறில்லை. ஆனால் அவர் அனுமதித்த ஒலிமாற்றங்களை அப்படியே நிரலாக்கினால், இல்லாத சொற்களும் அந்நான்கிலிருந்தே பிறந்துவிடும். மொழியியலார் மிகைப்பிறப்பு என்று சொல்லும் குறை அது. அடிகளார் கையில் ஒரு கணினி இருந்திருந்தால் ஆறு மாதத்தில் அவரே அதைக் கண்டு விதிகளை இறுக்கியிருப்பார் என்று நம்ப இடமுண்டு.

அந்நான்கினுள் உகரம் யாழ்ப்பாணத்தார் நாவில் உவன், உது, உங்கை என இன்றும் சுட்டாக வழங்குகிறது. தமிழக நாளிதழ்களை மட்டும் உண்டு வளர்ந்த நிரலுக்கு அது வழக்கொழிந்த சுட்டு. அதைவிடப் பெரிய சிக்கல் கொழும்பிலேயே இருக்கிறது. களனி ஆற்றைக் கடக்கும் துறையை ஒட்டி வளர்ந்த கிராண்ட்பாஸில், மலையகத்திலிருந்து வந்தவர் 'நான் நேத்து வந்தேன்' என்கிறார், யாழ்ப்பாணத்தவர் 'நான் நேற்று வந்தனான்' என்கிறார், முஸ்லிம் அயலவர் 'நான் நேத்து வந்த' என்கிறார். முதலாவது வடிவத்தை எந்த உருபனியல் பகுப்பியும், அதாவது சொல்லை அடியும் விகுதியுமாகப் பிரிக்கும் மென்பொருளும், தடையின்றி ஏற்கும். இரண்டாவது பெயரெச்சத்தின் மேல் இடவிகுதி ஏறி முற்றாகிய வடிவம்; எழுத்துத்தமிழ் விதிகளால் அதைப் பிரிக்க முடியாது. மூன்றாவதைப் பகுப்பி பெயரெச்சம் என்று குறித்துவிட்டு, வராத ஒரு பெயருக்காகக் காத்திருக்கும். நான் போற, நீங்க போற, அவன் போற என இடமும் எண்ணும் பாலும் காட்டாது முடியும் இவ்வினைகள் பிழைகள் ஆகா. தலைமுறைகளாக வழங்கும் வினைமுற்றுகள். விகுதி எழுவாயைக் காட்டுவதாலேயே தமிழில் எழுவாய் தோன்றாதும் நிற்கலாம் என்று பாடநூல்கள் சொல்லிவருகின்றன. விகுதியே இல்லாத பேச்சில் எழுவாய் எவ்வாறு மறைகிறது என்பதற்கு அயலிலுள்ள சிங்களப் பேச்சையும் தொலைவிலுள்ள மலையாளத்தையும் சேர்த்து நோக்கினால், ஒரு கோட்பாட்டு நூலுக்கு வேண்டிய பொருள் கிடைக்கும். மென்பொருளின் பயன் இங்கேதான்: அது தவறாகக் குறித்த இடம், ஆய்வாளர் இறங்கவேண்டிய இடம்.

இறங்குவார் அரிது. யாழ்ப்பாணப் பேச்சுக்கு ஜேம்ஸ் கெயரும் சகாக்களும் 1978இல் தந்தது போன்ற ஒரு பாடநூல் கொழும்பின் தமிழ்களுக்கு எழுதப்படாமலே இருக்கிறது. மொழித்துறைகள் பட்டத்துக்கு வேண்டிய பக்கங்களை எண்ணுகின்றன, கணினித்துறைகள் விழுக்காட்டை எண்ணுகின்றன, விருதுக்குழுக்கள் இரண்டையும் கூட்டிப் பொன்னாடை போர்த்துகின்றன. மாற்றுவழி இல்லாமலில்லை. யாழ்ப்பாண, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தோரும் ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து உருவாக்கிய தமிழிமோர்ஃப் என்னும் பகுப்பி, யாவரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருளாக வெளிவந்திருக்கிறது. குறை கண்டவர் குறையைச் சுட்டலாம், வேண்டுமாயின் புதிய விதியும் எழுதிச் சேர்க்கலாம்.

விருது பெற்ற மென்பொருளும் அவ்வாறே தன் விதிக் கோப்பையும், அது தோற்ற சொற்களின் பட்டியலையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. பட்டியல் கிடைக்குமானால், எத்தனை பக்கமாயினும் அடுத்த இதழில் முழுமையாக அச்சேறும்.