நாய்க்கும் இனிப்பு நீர்: முதல் வாரத்திலேயே முடிவெடுக்காதீர்கள்

"எங்க வீட்டு நாய்க்கு இனிப்பு நீராம். இனிமே என்ன செய்யறது?" இயக்குநீர் பாடம் நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு வகுப்பில் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்கும் மாணவரின் முகத்தைப் பார்த்தாலே, வீட்டில் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டார்கள் என்று புரியும். 'வயசான நாய்தானே', 'தினமும் ஊசி யார் போடுறது', 'பாவம், கஷ்டப்படாமல் போகட்டும்'. இந்த மூன்று வாக்கியங்களில் ஏதோ ஒன்று அந்த வீட்டில் பேசப்பட்டிருக்கும்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நோய் உறுதியான வாரத்தில் அந்த நாயின் உயிரைப் பற்றி யாரும் முடிவெடுக்கக் கூடாது. அந்த வாரம் நோயைப் புரிந்துகொள்வதற்கான வாரம். அதை வீட்டாருக்கு விளக்கிச் சொல்லக்கூடியவர், பெரும்பாலான வீடுகளில், பள்ளியில் அறிவியல் படிக்கும் நீங்கள்தான்.

பெயரிலேயே இருக்கும் விளக்கம்

நாம் 'இனிப்பு நீர்' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'கென்சிங் மானிஸ்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: சிறுநீரில் சர்க்கரை. 1776இல் மேத்யூ டாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நோயாளியின் சிறுநீரை ஆவியாக்கி, எஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டினார். நாய் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு சந்தேகப்படும் வீட்டாரும் அதே உண்மையைத்தான் பார்க்கிறார்கள்.

படிவம் 4 உயிரியலில் நீங்கள் படிக்கும் கணையம் நாய்க்கும் உண்டு. அதில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் உண்டு. அவற்றில் இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களும் உண்டு. இனிப்பு நீர் வந்த பெரும்பாலான நாய்களில் இந்த உயிரணுக்கள் அழிந்துபோயிருக்கும். மனிதரின் முதல் வகை நீரிழிவைப் போன்றது இது. தாத்தா பாட்டிக்குப் பெரும்பாலும் இருப்பது இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம். தாத்தாவின் மாத்திரை நாய்க்குப் பயன்படாது. சோற்றைக் குறைத்தால் மட்டும் சரியாகிவிடாது. இல்லாத இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

இன்சுலின் இல்லாவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் தசை உயிரணுக்கள் அதைப் போதிய அளவு எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நாய் நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்க முடிவதில்லை. சர்க்கரை சிறுநீரில் கலந்து, சவ்வூடு பரவலால் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. நாய் அடிக்கடி சிறுநீர் கழிப்பது அதனால்தான். இழந்த நீரை ஈடுகட்டவே அது தட்டைத் தட்டாகத் தண்ணீர் குடிக்கிறது. வீட்டுக்குள் சிறுநீர் கழித்ததற்காக அடி வாங்கும் நாய்களில் சில உண்மையில் நோயாளிகள்.

சிகிச்சை இல்லாமல் விட்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீட்டோன்கள் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடையும். வாந்தி, சோர்வு, பிறகு மரணம். 'இயற்கையாகப் போகட்டும்' என்று விடுவது வலியில்லாத வழி அன்று.

யார் மீதும் பழி வேண்டாம்

'பாட்டி ரொட்டித் துண்டு கொடுத்ததால்தான்' என்று சண்டை தொடங்கும். நாய்களில் இந்நோய் பெரும்பாலும் நடுவயதிலும் அதற்குப் பிறகும் வருகிறது. மரபுக்குப் பங்கு உண்டு. மினியேச்சர் ஷ்னாசர், பூடில் போன்ற இனங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு ஆபத்து அதிகம். பருவம் முடிந்த வாரங்களில் உயரும் புரோஜெஸ்டிரோன், இன்சுலினின் வேலைக்குத் தடையாகிறது. அதனால்தான் பெண் நாய்க்கு இன்சுலினோடு கருத்தடையையும் மருத்துவர் பரிந்துரைப்பார். கணைய அழற்சியும் ஒரு காரணமாகலாம். கொழுப்பு மிகுந்த ஆட்டிறைச்சிக் குழம்பின் மிச்சத்தை நாய்த் தட்டில் கொட்டுவதை நிறுத்துவது நல்லதே. ஆனால் பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் நாயின் சர்க்கரை குறையப் போவதில்லை.

அன்றாடப் பராமரிப்பு எவ்வளவு கடினம்?

பெரும்பாலான நாய்களுக்கு நாளுக்கு இரண்டு ஊசி, 12 மணி நேர இடைவெளியில். காலை 6.30க்குப் போட்டால் மாலை 6.30. இரண்டு வேளையும் ஒரே வகை உணவு, ஒரே அளவு. ஊசி தசைக்குள் போவதில்லை. கழுத்தின் பின்புறமோ விலாப் பக்கமோ தளர்ந்த தோலை மெல்லத் தூக்கி, அதன் அடியில் போட வேண்டும். ஊசி மிக மெல்லியது. பெரும்பாலான நாய்கள் சாப்பிடும் கவனத்தில் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. முதல் சில நாள் கை நடுங்குவது மனிதருக்குத்தான். ஊசி போடுவது பெரியவர் வேலையாகவே இருக்கட்டும்.

மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. இன்சுலின் ஒரு புரதம். வெயிலில் நிற்கும் காருக்குள் மறந்துவிட்டால் அது சிதைந்துவிடும். பார்வைக்கு மாற்றம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வேலை செய்யாது.

ஒரு கணக்கை மட்டும் வீட்டார் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். நாய்களுக்கான சில இன்சுலின்கள் யூ-40. அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு. மனிதருக்கான வழக்கமான இன்சுலின் யூ-100. ஊசிக்குழலின் கோடுகளும் அதற்கேற்பவே அச்சிடப்பட்டிருக்கும். யூ-100 மருந்தை யூ-40 குழலில் '10' கோடு வரை எடுத்தால், உள்ளே இருப்பது 0.25 மில்லிலிட்டர். அதில் 25 அலகு உண்டு. தேவையைப் போல் இரண்டரை மடங்கு! தாத்தாவின் இன்சுலினையோ குழலையோ நாய்க்கு 'அவசரத்துக்கு' எடுப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். மருத்துவர் எழுதிய மருந்து, அதற்குரிய குழல், இவை இரண்டும் எப்போதும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும்.

சர்க்கரை கூடுவதைவிடத் திடீரெனக் குறைவதே உடனடி ஆபத்து. நாய் தள்ளாடினால், நடுங்கினால், அழைத்தும் திரும்பாமல் வெறித்துப் பார்த்தால், வலிப்பு வந்தால், தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். வலிப்பில் இருக்கும் நாயின் பற்களுக்கிடையே விரலை விடாதீர்கள். மயங்கிய நாயின் வாயில் நீர் ஊற்றாதீர்கள். நாய் சாப்பிடாமலோ வாந்தி எடுத்தோ இருந்தால், வழக்கமான ஊசியைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஊசி போட்டாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறுவதைவிட இருமுறை போடுவது கொடியது.

இன்னொன்று. 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதிய சூயிங்கம், மிட்டாய்களை நாய்க்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் இருக்கக்கூடிய சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

உங்கள் வேலை: கடிகாரமும் குறிப்பேடும்

இனிப்பு நீர் உள்ள நாயைப் பராமரிப்பதில் பாதி வேலை அளவெடுப்பது. அதற்கு நீங்கள் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் நான்கு கட்டங்கள் போடுங்கள்: ஊசி போட்ட நேரம், சாப்பிட்ட அளவு, குடித்த நீர், நடத்தையில் மாற்றம். வாரம் ஒருமுறை எடை. நீரை அளக்க அளவுக்குவளை போதும். காலையில் ஊற்றிய அளவிலிருந்து இரவில் மிஞ்சியதைக் கழியுங்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது மிகை. 10 கிலோ நாய்க்கு அது ஒரு லிட்டர். நாள்கள் செல்லச் செல்ல அந்த எண் குறைந்து, எடை நிலைபெற்றால், சிகிச்சை சரியான திசையில் போகிறது என்று அர்த்தம்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. எனவே பல வீடுகளில் சர்க்கரை அளக்கும் கருவி ஏற்கெனவே இருக்கும். ஆனால் மனித இரத்தத்துக்காகச் சீரமைக்கப்பட்ட அந்தக் கருவி, நாயின் இரத்தத்தில் பெரும்பாலும் குறைவான எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உங்கள் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை அவர் மாற்றுவார். சரியான அளவைக் கண்டறியப் பல வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்தில் நாய் தேறவில்லை என்று கைவிடுவது, முதல் பத்து நிமிடத்திலேயே சோதனையை நிறுத்துவதற்குச் சமம்.

மறுபக்கமும் உண்மைதான்

இதற்குச் செலவு இருக்கிறது. மருந்து, குழல், இரத்தப் பரிசோதனை என்று மாதந்தோறும் பணம் வேண்டும். தீபாவளிக்குக் கிராமத்துக்குப் போனாலும் ஊசி நேரம் மாறாது. நன்றாகப் பராமரித்தாலும் பல நாய்களுக்குக் கண்புரை வருகிறது. மிகுதியான சர்க்கரை கண்வில்லையில் சார்பிட்டாலாக மாறி, நீரை இழுத்து, வில்லையை வெண்மையாக்குகிறது. பார்வை போனாலும் மோப்பத்தாலும் நினைவாலும் நாய் வீட்டுக்குள் நடமாடும். மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தால் போதும்.

எல்லாக் குடும்பத்தாலும் இதைச் செய்ய முடியும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரோடு பேசி, செலவைக் கணக்கிட்டு, நாயின் துன்பத்தையும் எடைபோட்டு, அமைதியான முடிவைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான் எதிர்ப்பது வேறு இரண்டை: ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் அவசரத்தில் கொல்வதை, சந்தைப் பக்கமோ செம்பனைத் தோட்டத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுவதை. இன்சுலின் இல்லாத நாய் தெருவில் பிழைக்காது. நம் நாட்டின் 2015 விலங்கு நலச் சட்டமும், வளர்க்கும் விலங்கை நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோதுதான், நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையம் நீக்கிய நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றில் மார்ஜரி என்ற நாய் சுமார் 70 நாள் உயிர் வாழ்ந்தது. 1922 ஜனவரியில் அந்த மருந்தை முதலில் பெற்ற லியனர்ட் தாம்சனுக்கு வயது 14. ஏறக்குறைய உங்கள் வயது. அதற்கு முன்பு அந்த நோய் வந்த பிள்ளைகள் பட்டினி உணவில் சில காலம் தாக்குப்பிடித்து இறந்துபோனார்கள். தாம்சன் மேலும் 13 ஆண்டு வாழ்ந்தார்.

அந்த நாய்களுக்கு நோய் தானாக வரவில்லை, நமக்காக வரவழைக்கப்பட்டது. இன்று நம் தாத்தாவும் அத்தையும் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பின்னால் அவை இருக்கின்றன. அதே மருந்து தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் குடும்பம், அதே நோய் வந்த நாய்க்குச் சில வாரங்களாவது முயன்று பார்க்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

ஆகவே உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்தச் செய்தி வந்தால் மூன்றே மூன்று செய்யுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பெரியவர்களோடு நீங்களும் போய், செலவையும் ஊசி முறையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அன்று மாலையே குறிப்பேட்டைத் தொடங்குங்கள். மருத்துவர் சொல்லும் அடுத்த பரிசோதனை நாள்வரை எந்த முடிவும் வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள். அந்த நாளில், குறிப்பேட்டின் எண்களைப் பார்த்துக் குடும்பமே சேர்ந்து பேசட்டும்.