தும்மினால் போச்சு!

சில கதைகளைப் படித்ததும் 'ஹஹ்ஹா' என்று சிரிப்போம். பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியதும் சிரிப்பு லேசாக உறைக்க ஆரம்பிக்கும். ஆன்டன் செகாவ் எழுதிய 'ஒரு குமாஸ்தாவின் மரணம்' அந்த ரகம்.

1883-ல் 'அஸ்கோல்கி' என்ற ரஷ்ய நகைச்சுவை வாரப் பத்திரிகையில் வந்த கதை. செகாவுக்கு அப்போது 23 வயது. மெடிக்கல் ஸ்டூடண்ட். வீட்டுச் செலவுக்காகப் புனைபெயரில் ஜோக்கும் துணுக்குமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். (கதை நூறு வரிக்குள் இருக்கணும் என்று ஆசிரியர் கறார்!)

கதை இதுதான். செர்வியகோவ் என்று ஒரு குமாஸ்தா. தியேட்டரில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, இசை நாடகம் பார்த்து ஆனந்தமாக இருக்கிறார். திடீரென்று... ஹச்! முன் வரிசைப் பெரியவர் ஒருவர் வழுக்கையையும் கழுத்தையும் கையுறையால் துடைத்துக்கொள்கிறார். யாரென்று பார்த்தால், ஜெனரல் பிரிஷலோவ்!

ஜெனரல் என்றதும் பீரங்கியைக் கற்பனை செய்ய வேண்டாம். மகா பீட்டர் 1722-ல் ரஷ்ய உத்தியோகங்களை 14 படிகளாகப் பிரித்துப் பட்டியல் போட்டார். மேல் படியில் இருக்கும் சிவில் அதிகாரிக்கும் 'ஜெனரல்' பட்டம்தான். நம் ஆளோ துக்கடா உத்தியோகம். பெயரிலேயே செகாவ் குறும்பு செய்திருக்கிறார். 'செர்வியாக்' என்றால் ரஷ்ய மொழியில் புழு.

புழு உடனே மன்னிப்புக் கேட்கிறது. 'பரவாயில்லை' என்கிறார் ஜெனரல். இடைவேளையில் மறுபடி. 'அதையே நான் மறந்துட்டேன், விடுய்யா' என்கிறார். ஆனால் முகம் சரியில்லையே? மறுநாள் முடி வெட்டிக்கொண்டு, புது உடுப்பு மாட்டிக்கொண்டு, ஜெனரலின் ஆபீஸுக்கே போய் இரண்டு தடவை. 'என்னைக் கிண்டல் பண்றியா?' என்கிறார் மனுஷன். அடடா, தப்பாக எடுத்துக்கொண்டாரே என்று, அதை விளக்க அதற்கும் மறுநாள் ஒரு விஜயம். ஜெனரல் பொறுமை இழந்து, காலை உதைத்து, 'வெளியே போ!' என்று கத்துகிறார். குமாஸ்தா வீட்டுக்கு வந்து, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்து... செத்துப் போகிறார். அவ்வளவுதான் கதை. கடைசி வார்த்தை அந்தச் சாவு. அழுகை கிடையாது, நீதி கிடையாது.

இதில் பெரிய தமாஷ் என்ன தெரியுமா? அந்த ஜெனரல் இவருடைய மேலதிகாரியே இல்லை. வேறு டிபார்ட்மெண்ட்! இன்க்ரிமெண்டை நிறுத்த முடியாது, டிரான்ஸ்ஃபர் பண்ண முடியாது. முதலில் பயந்துபோன மனைவிகூட, 'வேற டிபார்ட்மெண்டா?' என்று நிம்மதியாகிறாள். நம்மவருக்குத்தான் நிம்மதி இல்லை.

பேங்கில் வேலை பார்க்கும் நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஜெனரல் மேல என்ன ஸார் தப்பு? அவர்தான் பாவம். நிம்மதியா ஒரு நாடகம் பார்க்க விடலை!" என்றார்.

வாஸ்தவம். எனக்கு வயிற்றைப் பிசைந்ததும் அதனால்தான். ஜெனரல் வில்லனாக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். இங்கே வில்லனே இல்லை. பெரிய இடத்திலிருந்து வரும் 'பரவாயில்லை'யை உள்ளபடியே நம்ப அந்தக் குமாஸ்தாவுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நாலு திட்டு வாங்கினால்தான் கணக்கு சரியாகும் என்று உள்ளுக்குள் ஏதோ அரிக்கிறது. திட்டு கிடைத்ததும் தாங்கவில்லை.

'அது ஜார் காலம் ஸார்' என்று சொல்லாதீர்கள். அந்த 14 படிப் பட்டியலை 1917-ல் ரத்து செய்துவிட்டார்கள், சரி. ராத்திரி பத்து மணிக்கு மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுகிறோம். நீல டிக் விழுகிறது. பதில் இல்லை. 'ஸாரி ஸார், டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?' என்று இன்னொன்று. அதற்கு வெறும் கட்டைவிரல் மட்டும் வருகிறது. கோபக் கட்டைவிரலா, சாதாக் கட்டைவிரலா? விடிய விடிய ஆராய்ச்சி. மேனேஜர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பயத்தை செகாவ் தூரத்திலிருந்து பார்த்து எழுதவில்லை. அவருடைய தாத்தா பண்ணையடிமையாக இருந்தவர். காசு சேர்த்துக் கொடுத்து 1841-ல்தான் குடும்பத்துக்கு விடுதலை வாங்கினார். தனக்குள் மிச்சமிருக்கும் அடிமையைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வெளியேற்றும் ஒரு இளைஞனைப் பற்றி 1889-ல் ஒரு கடிதத்தில் எழுதினார் பேரன். சொட்டுச் சொட்டாக என்பதைக் கவனியுங்கள். விடுதலைப் பத்திரம் வாங்கி நாற்பத்தெட்டு வருஷம் கழித்தும் வேலை பாக்கி இருந்திருக்கிறது.

ஆகவே, மேலதிகாரி 'பரவாயில்லை' என்றால் நம்பிவிடுங்கள். நீங்களே மேலதிகாரியானால், அந்த வார்த்தையை முகத்தைப் பார்த்து, கொஞ்சம் சிரித்துச் சொல்லுங்கள். எதிரே நிற்பவர் பரம்பரையாகத் தும்மிக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.

கொசுறு: 1904-ல் செகாவ் ஜெர்மனியில் காலமானார். உடல் மாஸ்கோவுக்கு வந்தது, சிப்பிமீன் ஏற்றும் ரயில் பெட்டியில். வரவேற்க வந்த கூட்டத்தில் ஒரு பகுதி, ஆள் மாறி வேறொரு சவப்பெட்டியின் பின்னால் போய்விட்டதாம். கார்க்கி எழுதியிருக்கிறார். அந்தப் பெட்டியில் இருந்தவர் ஒரு ஜெனரல்!