ஏரிக்கரை வரலாற்றை எழுதுவது யார்?

பெங்களூர்த் தமிழர் வெளியிடும் மலர்களைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். முசிறித் துறைமுகத்தைப் பற்றிய கட்டுரை இருக்கும். சிலம்பின் நயங்களை ஆராயும் கட்டுரை இருக்கும். பட்டிமன்றம் நடந்த செய்தியும், பொன்னாடை போர்த்திய படமும் இருக்கும். நாம் நாள்தோறும் நடந்து செல்லும் தெருவைப் பற்றி ஒரு வரியும் இராது. அல்சூர் ஏரிக்கரையில் கூடித் தமிழ் வளர்க்கும் நாம், அவ்வேரியின் கதையை எழுதினோம் இல்லை. இஃது ஒரு குறையென்று நமக்குத் தோன்றவும் இல்லை.

இதனைச் சுட்டிக்காட்டினால் இருவகை விடைகள் கிடைக்கின்றன. ‘நாம் பிழைக்க வந்தவர்கள், மாற்றல் ஆணை வந்தால் மூட்டை கட்டப் போகிறவர்கள், ஊர் வரலாறு நமக்கு எதற்கு?’ என்பார் ஒரு சாரார். ‘இவ்வூரே நம்முடையது, கோயிற் சுவர்களில் தமிழ் எழுத்தைக் காணீரோ?’ என்று மார்தட்டுவார் மற்றொரு சாரார். முன்னவர் அடக்கமுடையவராகவும் பின்னவர் வீரமுடையவராகவும் தோன்றலாம். ஆயினும் இருவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். தாம் பேசும் கற்களை இருவருமே படித்தாரல்லர்.

கற்கள் கூறுவது

அக்கற்கள் மறைந்து கிடப்பன அல்ல. பி.எல்.ரைஸ் தொகுத்த ‘எபிகிராபியா கர்நாடிகா’ வரிசையில் பெங்களூர் மாவட்டத்துக்குரிய 9ஆம் தொகுதி 1905இலேயே வெளிவந்துவிட்டது. படிக்க விரும்புவோர்க்குத் தடை ஏதுமில்லை.

காடுகோடி காசி விசுவேசுவரர் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு; ஆண்டு 1043. பெர்மாடி கவுண்டரின் மகன் இராசராச வேளான், பட்டந்தூர் ஏரியைக் கட்டி, அதற்கு மதகுகள் அமைத்து, கணபதி, துர்க்கை, சேத்திரபாலர் ஆகியோரை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. வேப்பூரார் ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழிருந்த நிலத்தைக் கொடையாக அளித்ததை அது பதிவு செய்கிறது. அக்கோயிலின் மற்றொரு கல்வெட்டிற் காணும் தாமரைக்கிரை என்னும் ஊரே இன்றைய தாவரெக்கெரெ என்று ஆய்வாளர் கருதுவர். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலோ, திரிபுராந்தகச் செட்டியாரும் அவர் மனைவியாரும் நிலத்தோடு விண்ணமங்கலத்து ஏரியையும் இறைவனுக்கு ஈந்த செய்தி தமிழில் உளது.

இவற்றுக்கெல்லாம் முற்பட்டது அகர ஏரிப் பகுதியில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில், கங்கர் ஆட்சியில், இரண்டு ஏரிகளுக்கு மதகு அமைத்து மூன்றாவதாக ஓர் ஏரியையும் வெட்டிய செயலை அது போற்றுகிறது.

இனி எண்ணிப் பார்ப்போம். தமிழில் எழுதினும் கன்னடத்தில் எழுதினும் இக்கற்கள் மீண்டும் மீண்டும் பேசுவது ஏரியைப் பற்றியே. வெட்டியவர் பெயர், மதகு வைத்தவர் பெயர், ஏரியின் கீழ் நிலம் ஈந்தவர் பெயர் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கின்றன. ‘இவ்வூர் எம்மொழியாருக்கு உரியது’ என்று எக்கல்லும் கூறவில்லை. கவுண்டர் எனப் பெயர் தாங்கிய தந்தைக்கு வேளான் என்னும் மகன். அவன் செயலைத் தமிழிற் பொறித்தனர். வேப்பூர் என்று மடிவாளக் கல் குறிக்கும் ஊர் இன்றைய பேகூர். அதே பேகூரில்தான் ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னட நடுகல், பெங்களூர் என்னும் பெயரை முதன்முதலாகத் தாங்கி நிற்கிறது. ஓரூரிலேயே இரு மொழியும் வாழ்ந்திருக்க, அதனைத் துண்டாடிப் பங்கு கேட்பது அறியாமை. ஏரியிலிருந்து நீர் விடும் வழியை நாம் தூம்பு என்கிறோம். கன்னடியர் தூபு என்கின்றனர். சொல்லிலேயே உறவு இருக்கப் பூசல் எதற்கு?

‘வந்தவர் நாம்’ என்று ஒதுங்குவோர்க்கும் இக்கற்களே விடை கூறும். சோழர் படையும் ஆட்சியும் இங்கு வந்தவையே. வந்தவர் ஏரி வெட்டினர். ஊரின் வாழ்வில் கலந்தனர். 1809இல் இங்குப் படைமுகாம் தோன்றியபின் அதனைத் தொடர்ந்து வந்த தமிழ்ச் சிப்பாய்களும், வணிகரும், கட்டட வேலையாட்களும் அல்சூரை வாழிடமாகக் கொண்டனர். தங்கிய இடத்தின் நீருக்குப் பொறுப்பேற்க வேண்டுமெனில் பிறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரையும் நீர்நிலை அமைக்க வேண்டும் என்பதே. புறநானூற்றை மேடையில் முழங்குவோர் இதனை மட்டும் மறந்துவிடுகின்றனர்.

ஏரிகள் மாண்ட கதை

பேராறு ஏதும் ஓடாத மேட்டுநிலம் பெங்களூர். மழைநீரை ஏரியில் தேக்கி, நிறைந்தது வழிந்து கால்வாய் வழியே அடுத்த ஏரியை நிரப்புமாறு முன்னோர் ஒரு சங்கிலியை அமைத்தனர். 1890களில் எசருகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீரும், 1974இல் காவிரி நீரும் வந்தன. குழாயைத் திருகினால் நீர் வருமெனில் ஏரி எதற்கு என்ற எண்ணம் பிறந்தது. தருமாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கமும், சூளை ஏரியில் கால்பந்து அரங்கமும் எழுந்தன. கோரமங்கலத்து ஏரியொன்று 1997ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுகளுக்கான குடியிருப்பாக மாறியது. எஞ்சிய ஏரிகளுட் பல கழிவுநீர்த் தொட்டிகள் ஆயின. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் தீப்பற்றியது. 2018 சனவரியில் மூண்ட தீயை அணைக்க இராணுவத்தினரும் வர வேண்டியதாயிற்று. நீரில் தீ எரிந்த காட்சியை உலகமே கண்டு வியந்தது.

‘இஃது ஊராட்சியின் கவலை, நமக்கென்ன?’ என்பாரும் உளர். அவர்கள் நீர் செல்லும் வழியைச் சற்றே பின்தொடர்வார்களாக. அல்சூர் ஏரியின் மிகைநீர் செல்லும் பள்ளத்தாக்கு பெல்லந்தூரை அடைகிறது. பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையிற் கலக்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாறு கிருட்டிணகிரியையும் திருவண்ணாமலையையும் விழுப்புரத்தையும் கடந்து கடலூரில் கடலை அடைகிறது. நம்முள் எத்தனை குடும்பங்களின் சொந்த ஊர் அவ்வாற்றின் கரையில் இருக்கிறது! இங்கே நாம் பாராமுகமாய் விட்ட நீரே அங்கே நம் உறவினர் வயலுக்குப் பாய்கிறது.

எதனைச் செய்தி என்கிறோம்?

அல்சூர் ஏரிக்கு அருகில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. இரு மாநில மக்களும் மகிழ்ந்த நாட்கள் அவை, நாமும் பக்கம் பக்கமாக எழுதினோம், அது தக்கதே. ஆனால் 2016 மார்ச்சில் அதே அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தனவே, அதற்கு நாம் எத்தனை வரி ஒதுக்கினோம்? நீரின்றி உலகியல் இயங்காது என்று உணர்த்திய பெருமானின் சிலைக்கு மாலையிட்டுவிட்டு, சிலைக்கு அருகிலிருக்கும் நீரைப் பாராது திரும்புவது வழிபாடாகுமா?

மைய அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகக் காலம் கழிக்கும் நம் போன்றோர்க்கு ஒன்று நன்கு தெரியும். கோப்பில் ஏறாதது நடவாததாகவே கொள்ளப்படும். ஏரிக்கரைத் தெருக்களின் பழங்கதை இன்று முதியோர் நினைவில் மட்டுமே இருக்கிறது. எந்தப் படித்துறையில் பிள்ளையாரைக் கரைத்தார்கள், எந்தக் கால்வாய் எந்த ஆண்டில் மூடப்பட்டது, எந்தத் தோட்டம் எப்போது மனைகளாயிற்று என்பன எல்லாம் அவர்களோடு மறையப்போகின்றன. நம் பிள்ளைகளுள் பலருக்குத் தமிழும் படிக்க வராது. கன்னடமும் படிக்க வராது. அவர்களுக்குக் கல்லும் வாய் திறவாது, முதியோரும் இரார். அப்போது இவ்வூரில் நாம் வாழ்ந்தோம் என்பதற்கு எஞ்சுவது பொன்னாடைப் படங்கள் மட்டுமே.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. மலர்தோறும் ஒரு பகுதி ஏரிக்கரைத் தெருக்களின் செய்திக்கும் வரலாற்றுக்கும் ஒதுக்கப்பெறுதல் வேண்டும். முதியோரிடம் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து, இளைஞர் எழுதுதல் வேண்டும். நம் பகுதித் தமிழ்க் கல்வெட்டுகளைக் கன்னட அன்பர்களோடு அமர்ந்து படித்து, இரு மொழியிலும் வெளியிடுதல் வேண்டும். ஏரியைக் காக்கக் கூடும் கூட்டங்களுக்குச் சென்று, கன்னடத்திலேயே பேசி, ஊராருள் ஒருவராய் நிற்றலும் இவற்றோடு சேர்ந்ததே.

இராசராச வேளான் ஏரி கட்டிவிட்டுக் கல்லில் எழுதினான். நாமோ எதையும் கட்டாமல், அவன் எழுத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறோம். இனியேனும் இவ்வூர் ஏரிக்கு ஒரு கைம்மண் சுமந்துவிட்டு, அதன்பின் எழுதுவோம்.