சும்மா கிடக்கும் நிலம்



சென்ற மாதம் எங்கள் பாப்பாரப்பட்டியில் பங்குப் பேரவை கூடியபோது பெரியவர் ஒருவர் எழுந்தார். "சாமி, கல்லறைத் தோட்டத்திற்குப் பின்னால் காரையும் சூரையும் மண்டிய அரை ஏக்கர் சும்மா கிடக்கிறதே! பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்து மாங்கன்று நட்டால் கோயிலுக்கு வருமானமாகுமே" என்றார்.

மானாவாரிப் பூமியில் ஒவ்வொரு துண்டு நிலமும் பலன் தர வேண்டும் என்று கருதுவது குற்றமன்று. எனினும் சம்மதம் சொல்ல எனக்கு நா எழவில்லை. முன்பு பணியாற்றிய ஊரில் இத்தகைய புதர்க்காட்டை அழித்துத் தைலமரம் நட்டவன் நான். அங்கு என்னென்ன செடிகள் இருந்தன என்று இன்று எவரேனும் கேட்டால் என்னிடம் விடையில்லை. எழுதி வைக்காமலே அழித்துவிட்டேன்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்க் காட்டைச் சார்ந்த 365 ஏக்கர் புதர் நிலம் அதன் வளாகமாயிற்று. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்குள்ள செடிகொடிகளைப் பேணினார். தாவரங்களைத் தேடித்தேடி ஆராய்ந்தார். சேம்புக் குடும்பத்துச் செடியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நகரம் நாற்புறமும் நெருக்கிவிட்ட போதிலும் அப்புதர்க்காடு அழியவில்லை. தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு அதுவே ஆய்வுக்கூடம்.

காட்டைக் காப்பதோடு, அதை விடாமல் கவனித்தால் என்ன விளையும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. வைத்தம் காடு 1942இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்குக் கொடையாகக் கிடைத்தது. பட்டாணிக்குருவி இனப் பறவையொன்றின் கூடுகளையும் முட்டைகளையும் அங்கே 1947 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுக்கின்றனர். தொடங்கியவர்கள் மறைந்தனர், கணக்கு நிற்கவில்லை. அதனால் ஓர் உண்மை புலப்பட்டது. குளிர் முன்னதாகவே தணிவதால் கருவாலி மரங்கள் முந்தித் துளிர்க்கின்றன. துளிரைத் தின்னும் புழுக்களும் முந்தி வருகின்றன. அப்புழுக்களைக் குஞ்சுகளுக்கு ஊட்டவேண்டிய குருவிகளும் பழைய நாளைவிட இரண்டு வாரங்களுக்கு மேல் முன்னதாகவே முட்டையிடுகின்றன. பூமி வெப்பமடைவதை ஒரு சிறு குருவியின் கூடு எடுத்துரைக்கிறது! நாலைந்து ஆண்டுகள் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திராது.

இவற்றைப் பேரவையில் விளக்கினேன். மாங்கனி வருமானம் இல்லாமற் போகும் என்பதையும் மறைக்கவில்லை. நெடுநேர விவாதத்திற்குப் பின், நிலத்தை அப்படியே விடுவதென முடிவாயிற்று. மறைக்கல்விச் சிறுவர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தோம். மழை பெய்த நாள், காரை பூத்த நாள், வந்த பறவை ஆகியவற்றை அவர்கள் எழுதுவர்.

முதல் ஞாயிறன்று செடிகளின் பெயர் தெரியாமல் பிள்ளைகள் விழித்தனர். மாங்கன்று நடச் சொன்ன அதே பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு செடியாகச் சுட்டிப் பெயர் சொன்னார். எது மாட்டுக்கு ஆகும், எது புண்ணுக்கு மருந்து என்றும் சொன்னார். பத்தொன்பது பெயர்கள் ஏட்டில் ஏறின. அவற்றுள் நான் அறிந்தவை ஐந்தே.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் சும்மா கிடக்கும் நிலம் இருக்கும். பெயர் அறிந்த பெரியவரும் இருப்பார். அவர் இருக்கும்போதே ஓர் ஏட்டுடன் அவரை அங்கு அழைத்துச் செல்லுங்கள்.